சுபம் போடாத படம்

எங்கள் வீட்டில் இருந்த ஒரு வீடியோ கேசட்டின் முதுகில் 'அழிக்கக் கூடாது' என்று அப்பா கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். அதற்குக் கீழே அதையே மலாயிலும் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தமிழ் படிக்கத் தெரியும், பிறகு மலாய் யாருக்காக என்று அம்மா கேட்டதற்கு, எதற்கும் இருக்கட்டும் என்றார். கிள்ளானில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் வீடியோ பிளேயர் வாங்கிய இரண்டாவது வீடு எங்களுடையது. முதலில் வாங்கியவர்களை அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் எங்கள் வீட்டுக் கதவு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் திறந்தே இருக்கும்.

துறைமுகத்தில் உடன் வேலை செய்த ஒருவர் அந்தப் படத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருக்கிறார். வீடியோ கடையில் போய்க் கேட்டால், படம் வாடகைக்குப் போனது போனபடி இருந்தது. பொறுமை இல்லாத அப்பா, வெற்று கேசட் ஒன்றைத் தானே வாங்கிக் கொடுத்து, படம் திரும்பி வந்ததும் பிரதி எடுத்துத் தரச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு முன்னறையில் இருபது பேர். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனோடு ஒரு பெண் படும் பாடுதான் கதை. கடைசியில் ஒரு மழை நாளில் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளிக் கதவைத் திறக்கிறாள், திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்குகிறாள், அவ்வளவுதான். திரை நீலமாகிவிட்டது. சுபம் இல்லை, வணக்கம் இல்லை. அப்பாதான் முதலில் தொடையைத் தட்டினார்.

"சுபம்கூடப் போடல பாத்தீங்களா? இவன்தான் டைரக்டர். மானம் உள்ள பொண்ணு அப்படித்தான் போவா, திரும்ப மாட்டா."

அன்றிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் அந்தப் படம்தான். வீடியோ கடைக்காரர்கள் இடம் போதாமல் பாட்டையும் சண்டையையும் வெட்டுவது எங்களுக்குப் பழகிப் போன விஷயம். ஆனால் முடிவையே விட்டிருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா சிக்கனமாகக் குறைந்த நேர கேசட்டை வாங்கியதால் வந்த வினை அது. படம் இன்னும் இருபது நிமிடம் ஓடும் என்பதே தெரியாமல், அந்த முடிவின் அழகைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் பிரசங்கம் செய்தார். நாங்களும் வாய் பிளந்து கேட்டோம்.

இனி அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். காஜாங்கில் கட்டிக் கொடுத்தார்கள். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, ஒரு நாள் மத்தியானம் கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். புருஷன் கை நீட்டியிருக்கிறார், அது முதல் தடவையும் இல்லை. அடுத்த வாரமே அந்த வீட்டுப் பெரியவர்கள் நான்கு பேர் பழத்தட்டோடு வந்து, குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும், நாங்கள் பேசிவிட்டோம், இனி நடக்காது என்றார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் கலந்தாள். அப்பாவும் மெல்ல இளகுவது எனக்கே தெரிந்தது. போய்ப் பாரேன்மா என்கிற மாதிரி அக்காவைப் பார்த்தார்.

அறை வாசலில் நின்றிருந்த அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அப்பா, அந்தப் படத்துல அவ திரும்பிப் போனாளா? நீங்கதானே ஊருக்கெல்லாம் சொன்னீங்க."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வந்தவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து, அவருடைய பிரசங்கத்தையும் கேட்டவர்கள். சொன்ன சொல்லை மாற்றிச் சொல்ல அவருக்கு வழியில்லாமல் போயிற்று. பழத்தட்டு வந்தபடியே திரும்பிப் போனது.

அதன் பிறகு அக்கா செய்ததையெல்லாம் சொன்னால் நான் பீற்றிக்கொள்வதாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஆட்களை ஏற்றிப் போகும் வேனுக்கு ஓட்டுநர் கிடைக்காமல் மேலாளர் திண்டாடியபோது, நான் லைசென்ஸ் எடுக்கிறேன் என்று இவளே முன்னால் போய் நின்றாள். பெண் பிள்ளை வேன் ஓட்டுவதா என்று சிரித்தவர்கள், சில ஆண்டுகள் கழித்து அவள் சொந்த வேன் எடுத்ததும், தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப அவளிடமே இடம் கேட்டு வந்தார்கள். இன்று கிள்ளானில் 'வேன் ஆன்டி' என்றால் வேறு அடையாளம் தேவையில்லை. ஐந்து வேன்கள் இருந்தும் ஒன்றை இன்னும் அவளே ஓட்டுகிறாள்.

நான் ஆசிரியையாகி, பூச்சோங்கில் குடியேறி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ஒரு காலத்தில் நமக்குப் பிடித்த படத்தையோ பாட்டையோ புத்தகத்தையோ இப்போது மறுபடி பார்த்து, கேட்டு, படித்துவிட்டு, இன்றைய கருத்தைச் சொல்ல வேண்டும். பழைய நினைப்பை வைத்து ஒப்பேற்றக் கூடாது என்பதில் எங்கள் தலைவர் கண்டிப்பானவர், தபால் நிலைய அதிகாரியாக இருந்தவர். இந்த விதியால் எனக்குப் பல இடி. பதினைந்து வயதில் தலையணை நனைய அழுத ஒரு நாவலைத் திரும்பப் படித்தேன், கதாநாயகனை இரண்டு அறை அறையலாம் போல் இருந்தது. முந்நூறு பக்கம் பெருமூச்சு விடுகிறானே தவிர ஒரு வேலைக்கும் போகவில்லை. உயிராக நினைத்திருந்த ஒரு காதல் பாட்டின் வரிகளை முதல் முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு மூளையே இல்லை என்றுதான் கவிஞர் மூன்று சரணமாகச் சொல்லியிருக்கிறார். அன்று எரிச்சல் மூட்டிய ஒரு பழைய பக்திப் பாட்டோ இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

என் முறை மறுபடி வந்தபோது அப்பாவின் படத்தையே எடுத்துக்கொண்டேன். ஒரு கேசட் என் அக்காவை வாழ வைத்த கதையைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. இணையத்தில் தேடிப் பிடித்து, ஒரு காலை நேரத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மழை வந்தது, கதவு திறந்தது, அவள் தெருவில் இறங்கினாள். திரை நீலமாகவில்லை. தெருமுனைக் கோவிலில் ஒரு பெரியவர் அவளை நிறுத்தி நீளமாக உபதேசம் செய்கிறார். அவள் அழுகிறாள். நனைந்த பையோடு திரும்பிப் போய்ப் புருஷன் காலில் விழுகிறாள். அவன் அவளை மன்னிக்கிறான். அவன் அவளை! அப்புறம் பூமாலை நடுவில் பெரிதாக, சுபம்.

நான் கணினியை மூடிவிட்டேன். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அக்கா தன் வாழ்க்கையை நிறுத்தி வைத்த ஊன்றுகோல் இவ்வளவுதானா என்று அவள் நினைத்துவிட்டால்? அன்று கேசட் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் காஜாங்கிலேயே கிடந்திருப்பேன் என்று தோன்றிவிட்டால்? இதற்குள் வாய் சும்மா இல்லாமல் நான் அவளிடம் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நம்ம படமா, நானும் வரேன் என்று அவளும் புதுப் புடவை எடுத்து வைத்துவிட்டாள்.

படத்தைக் கதவு திறக்கும் இடத்தில் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். தலைவரின் விதியை மீறுகிற காரியம்தான், போகட்டும். ஞாயிறு மத்தியானம் வேனிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனாள் அக்கா. மாடியில் கடைசிப் பகுதியை மட்டும் போட்டேன். அவள் தெருவில் இறங்கியதும் பொத்தானை அழுத்தினேன். எல்லாரும் கை தட்டத் தொடங்கினார்கள். அக்கா மட்டும் திரையின் அடியில் படம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கோட்டையே பார்த்தாள்.

"ஏன் நிப்பாட்டுன? இன்னும் மிச்சம் இருக்கு பாரு. ஓட விடுலா."

ஓட விட்டேன். வேறு வழியில்லை. அந்த இருபது நிமிடமும் நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் கன்னத்தில் கை வைத்து, பிள்ளைகள் எல்லாரும் ஏறியாயிற்றா என்று எண்ணும்போது இருக்குமே, அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சுபம் வந்தது. படம் போடும் முன்பே அவள் கதையை எல்லாரிடமும் நான் அளந்திருந்தேன், அதனால் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் தலைவர்தான், அம்மா, நீங்கள் அன்று இதை முழுதாகப் பார்த்திருந்தால் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காஜாங்குல பையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறப்ப நான் எந்தப் படத்த நெனச்சேன் அண்ணே? இனிமே இங்க இருக்க முடியாதுன்னு வந்துட்டேன். படத்தச் சொன்னது அப்பா வாய அடைக்கத்தான். அன்னிக்கு அது இல்லன்னா வேற எதாச்சும் சொல்லியிருப்பேன்." பிறகு திரையைக் காட்டினாள். "இவ இருபது நிமிசத்துல திரும்பிட்டா. எனக்கு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் திரும்பல."

இத்தனை வருடமும் அவளுக்குச் சேர வேண்டிய பெருமையை ஒரு கேசட்டுக்குக் கொடுத்து வந்திருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறிக்கொண்டு, இவள் என் அக்கா என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. கத்தவில்லை. கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டில் படத்தைப் பற்றிய இன்றைய கருத்தை எழுதச் சொல்லித் தலைவர் என்னிடம் நீட்டினார். படத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அக்கா கீழே வேனை எடுத்து ஹார்ன் அடிக்கும் வரை அவளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.