ராஜாம்பாள் அறுத்த மூலை

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கம்மங்கொல்லை ஒன்றில் இருபது வருஷமாகக் குருவி விரட்டியவர் ராஜாம்பாள். கையில் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி. கொல்லையின் வடமேற்கு மூலையில் மட்டும் அவர் தகரம் தட்டமாட்டார். ஐப்பசிக் குளிரோடு வடக்கேயிருந்து வந்து, பங்குனி வெயில் ஏறியதும் திரும்பிப் போகும் சிவப்புத்தலைக் குருவிகளுக்கு விட்ட மூலை அது. ஆணுக்குத்தான் சிவப்பு, பெட்டை தவிட்டு நிறம். அவை கிளம்பும்வரை அங்கே அரிவாள் படாது. பக்கத்தில் அவர் நின்றாலும் குருவிகள் கதிரைவிட்டு எழுவதில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை, நிலத்துக்காரர் பச்சமுத்து அந்த மூலையில் குனிந்துகொண்டிருந்தார்.

"இன்னாங்க தூவிக்கினு இருக்கீங்க?"

"மருந்து கலந்த கம்பு. நீதான் பொறந்த வூட்டு ஜனத்துக்கு மாதிரி இதுங்களுக்குப் பந்தி போட்டு வெச்சிருக்கியே! பாதிக் கதிரு போச்சி."

"அது கிளிங்க தின்னதுங்க. இதுங்க மூலையத் தாண்டாதுங்க."

"உன்கிட்ட வந்து சொல்லிச்சா? இன்னிக்குத் தகரத்தத் தொடாத. சும்மா ஒக்காரு."

அவருடைய பைக் சத்தம் அடங்குவதற்குள் மூங்கில் புதரிலிருந்து கூட்டம் கிளம்பிவிட்டது.

ராஜாம்பாள் ஓடினார். தகரத்தைத் தட்டினார். நாலைந்து குருவிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கதிரைக் கொத்தின. தன் கைக்குப் பயப்பட வேண்டாம் என்று பழக்கியதே அவர்தான். ஒரு சிவப்புத்தலை கம்பந்தாளிலிருந்து, மருந்து கிடந்த தரைக்கு இறங்கியது.

"போ! செத்துப் போவ, போ!"

மண்கட்டியை வீசினார். இறங்கியது எழும்பி அடுத்த தாளில் உட்கார்ந்தது. இடுப்பிலிருந்த அரிவாளை உருவினார். உட்கார்ந்திருந்த குருவிகளின் காலடியிலேயே தாளை அறுத்துச் சாய்த்தார். அப்போதுதான் கூட்டம் கிரீச்சிட்டு மேலே எழுந்தது. இரண்டு முறை வட்டமடித்தது. மூச்சு வாங்க அவர் அறுத்துக்கொண்டே போனார். உட்கார ஒரு தாளும் மிஞ்சவில்லை. கூட்டம் மலைப்பக்கம் திரும்பியது. பிறகு மண்வெட்டியால் அந்த மூலை முழுவதையும் கொத்திப் புரட்டி, தூவிய கம்பை ஆழப் புதைத்தார்.

"நாளையிலேந்து வராத," என்றார் சாயங்காலம் திரும்பி வந்து மூலையைப் பார்த்த பச்சமுத்து.

அடுத்த ஐப்பசியில் கரும்பு வெட்டப் போகும் வழியில், அதே மூங்கில் புதரில் சிவப்பைக் கண்டு ராஜாம்பாள் நின்றார். அவர் உருவம் தெரிந்ததுமே கூட்டம் விருட்டென்று பறந்தது.

"அப்பிடித்தான்," என்றார். "பயந்துக்கினே இருங்க."