எங்க வெச்சுப் பாத்தே?

சம்சு பாய் இறந்த செய்தி வந்தபோது நான் சென்னையில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தேன். "பழசைவிட ரெண்டு மடங்கு மார்க் சார்" என்று புதிய பிராசஸர் வேகச் சோதனையில் வாங்கிய மார்க்கைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார் விற்பனையாளர். அப்போதுதான் பாயின் மகன் போன் செய்தான். "வாப்பா போய்ட்டாரு அங்கிள்." பழவேற்காட்டில் வீட்டு மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லையாம்.

நான் போனை வைத்ததும் விற்பனையாளர், "கன்டினியூ பண்ணலாமா சார்?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

நம் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் பாயும் நானும் ஒன்றாகச் சேர்ந்தோம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். நம்மில் அவரிடம் திட்டு வாங்காதவர் யார்? பிராசஸர் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று சொல்லும் அந்த கிகாஹெர்ட்ஸ் கணக்கை யாராவது எடுத்தால் போதும். "ஆட்டோ இன்ஜின் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு சொல்றியே நைனா, எத்தினி பேரை ஏத்திக்கினு போவும்னு சொல்லு" என்பார். ஒருமுறை கிகாஹெர்ட்ஸ் குறைந்த மெஷினையும் கூடியதையும் அக்கம்பக்கமாக வைத்து, நம் ஸ்டாக் கணக்கையே இரண்டிலும் ஓட்டிக் காட்டினார். குறைந்ததுதான் முதலில் முடித்தது. கூடியதை வாங்கச் சொன்ன பர்ச்சேஸ் மேனேஜர் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பாய்க்கு அதில் ஒரே குஷி.

பிறகு, இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் ரோலிங் ஷெட்டில் கேமரா வைத்தார்கள். பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறினால் கம்ப்யூட்டர் அதைப் படத்தில் கண்டுபிடித்து அலாரம் அடிக்க வேண்டும். அதைக் கேட்டு, அங்கே நின்று வேலை பார்க்கும் பழனி விலகி ஓட வேண்டும். அதற்காக வந்த மெஷின் ஆபீஸில் அபார மார்க் வாங்கியது. பாய் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய், உலைக்குப் பக்கத்து இரும்பு அலமாரியில் வைத்து ஓட்டினார். நன்றாகத்தான் ஓடியது. "இருங்கப்பா, டீ குடிப்போம்" என்று எங்களை நிறுத்திவைத்தார். டீ முடிவதற்குள் பிராசஸர் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கம்பி எங்களைக் கடந்து போன பிறகுதான் திரையில் வந்தது. அலாரமும் அப்படித்தான் தாமதமாக அடிக்கும்.

"இந்தச் சூட்டுல வெச்சா எப்படி சார்?" என்றார் மெஷினைக் கொண்டுவந்தவர்.

"பின்ன பழனி இன்னா ஏசி ரூம்லயா நிக்கிறாரு? மார்க்கு போட்டியே, எங்க வெச்சுப் பாத்தே?"

எந்த நம்பரைக் காட்டினாலும் பாய் கேட்பது இதைத்தான்.

அப்படிப்பட்டவர், ஷெட் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்தார். காகிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "நார்மலாம் நைனா! ஊட்ல சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருந்தாங்கோ."

"நடக்கவிட்டு எடுக்கிற டெஸ்டையும் எடுத்துடுங்க பாய்."

"போய்யா" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோபம் கோபமாக வருகிறது பாய். ஏசி அறையில், கட்டிலில் படுக்கவைத்து எடுத்தது அது. உங்களுக்கு மூச்சு வாங்கியது படியில். உலகத்து நம்பரையெல்லாம் சந்தேகப்பட்டீர்களே, இதை மட்டும் ஏன் நம்பினீர்கள்? பயமாக இருந்ததா? இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த அன்று விற்பனையாளர் மறுபடி கூப்பிட்டார். "மார்க்தான் பாத்துட்டீங்களே சார், ஆர்டர் போடலாமா?" மெஷினை ஷெட்டுக்குக் கொண்டு வரச் சொல்லிவிட்டு, நானும் அங்கே போனேன்.

பழனி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. "மூச்சு கீச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறேன் சார்" என்றார், உட்கார்ந்தபடியே.

"எழுந்திரிங்க. என்னோட மேல வரைக்கும் படி ஏறுங்க" என்றேன்.

பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.