உஷ் அக்காவும் வாசிக்கும் இயந்திரமும்

எங்கள் நூலகத்தில் அவருக்கு உஷ் அக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அது சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. வாசிப்புக் கூடத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், புத்தக அடுக்குகளுக்கு நடுவிலிருந்து ‘உஷ்’ என்று ஒரு சத்தம் வரும். ஆள் தெரியாது. “காத்து எறங்குற டயர் மாதிரி” என்பார் அவருடைய கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கு உவமை எல்லாம் வண்டியிலிருந்துதான் வரும்.

வீட்டில் கணவருக்கு வாய் ஓயாது. இரண்டு மகள்கள், இரண்டும் அப்பாவை உரித்து வைத்தவை. மூவரும் சேர்ந்து பேசினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும். அதனால் அக்காவுக்கு நூலகத்தின் அமைதி சம்பளத்தோடு கிடைத்த தனி வரம். காலையில் கதவைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, முந்தின நாள் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குகளில் செருகுவார். புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும்போதுகூடச் சத்தம் வராமல் அழுத்தி எடுப்பார்.

அந்த அமைதிக்கு நடுவில்தான் கணினிகள் வந்து இறங்கின. ஜன்னலோர மேசைகள் முழுக்கக் கணினி. கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்து உரக்க வாசித்துக் காட்டும் இயந்திரம் உள்ளே இருக்கிறது என்று அதன் மேல் எழுதியிருந்தது. பின்னாலேயே ஒரு பயிற்சியாளர் வந்தார். விளக்கை அணைத்தார், சுவரில் படம் காட்டினார், அரை நாளில் அத்தனையையும் ஓட்டி முடித்தார். “புரிஞ்சுதா?” என்று கேட்டார். “புரிஞ்சுது” என்று எல்லாரும் கோரஸாகச் சொன்னார்கள். ஒருவரும் ஒரு பொத்தானைக்கூடத் தொட்டிருக்கவில்லை. ஆளுக்கொரு சான்றிதழ் கிடைத்தது. கணவர் அதை வாங்கிப் பார்த்து, “அப்போ நீ இப்ப கம்ப்யூட்டர் டிரைவரா?” என்றார்.

“லைசென்ஸ் குடுத்துட்டாங்க. வண்டியத்தான் இன்னும் கண்ணுல காட்டல” என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து வாசகர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்கு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு வெளியூர் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது. எப்போதோ வங்கியில் வரிசையில் நின்றபோது காதில் விழுந்த ஒரு வாக்கியம் சமயத்தில் கைகொடுத்தது: “சர்வர் டவுன்.” சொன்ன உடனே வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மந்திரம் பலித்ததும் மற்ற ஊழியர்களும் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அது எப்படித் தொற்றியதென்றால், செய்தித்தாள் படிக்கப் போகும் நான் கழிவறை எங்கே என்று கேட்டதற்கு வாசல் காவலாளி, “சர்வர் டவுன் சார்” என்றார். பிறகுதான் கேள்வி காதில் ஏறி, கையை நீட்டிக் காட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஆபரேட்டரம்மா வந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கைத்தடியால் வாசற்படியைத் தட்டிப் பார்த்து ஏறி, நேராக முகப்பு மேசைக்கு வந்தார்.

“இங்க புத்தகத்த வாசிச்சுக் காட்டுற மெஷின் வந்திருக்காமே?”

“வந்திருக்கும்மா. ஆனா... சர்வர் டவுன்” என்றார் அக்கா.

ஆபரேட்டரம்மா சிரித்துவிட்டார். “நான் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. ‘லைன் பிஸியா இருக்கு’ன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா? நெஜமாவே பிஸின்னா குரல் ஒரு மாதிரி இருக்கும். டீ குடிச்சுக்கிட்டுச் சொன்னா வேற மாதிரி இருக்கும். உங்க குரல் டீ குடிக்கிற குரல்.”

அக்காவுக்குக் காது வரை சூடேறியது. பிறகு, தொண்டையில் மாட்டியிருந்த முள் வெளியே வந்து விழுந்த மாதிரி, “எனக்கு அத எப்படிப் போடுறதுன்னு தெரியலம்மா. இங்க யாருக்குமே தெரியாது. பெட்டியவே இன்னும் பிரிக்கல” என்றார்.

“அப்பாடா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கும் தெரியாது. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்.”

பெட்டியைப் பிரிக்கும்போதே ஆபரேட்டரம்மா தன் கதையைச் சொன்னார். அவருக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். தங்கைதான் வாசித்துக் காட்டுவாள். தங்கமான தங்கை, ஆனால் ஒரு கெட்ட பழக்கம். “அவளுக்குப் பொறுக்காது. கடைசிப் பக்கத்த மொதல்ல படிச்சிடுவா. அப்புறம் வாசிக்கும்போது கொலைகாரன் வந்தாலே குரல் ஒரு மாதிரி ஆயிடும். மூணாவது அத்தியாயத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும். ஆயுசுல ஒரு தடவையாவது, கடைசி வரைக்கும் யாருன்னு தெரியாம ஒரு கதை கேக்கணும். மெஷினுக்குக் குரல் மாறாதுல்ல?”

“மாறாதும்மா” என்றார் அக்கா, அந்த இயந்திரத்தின் குரலை ஒருமுறைகூடக் கேட்டறியாதவர்.

அன்று நான் செய்தித்தாள் மேசையில் இருந்தேன். அக்கா கம்பியைச் செருகினார், விளக்கு எரிந்தது. கேமராவுக்குக் கீழே ஏதாவது ஒரு காகிதம் வைக்க வேண்டும். கைக்கு எட்டியதை எடுத்து வைத்தார். பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு பொத்தானைத் திருகினார், கோடி வரைக்கும். காதில் மாட்டும் கருவியைச் செருக வேண்டும் என்பது இருவருக்குமே தெரியாது.

“அமைதி காக்கவும்!” என்று அலறியது இயந்திரம். “இது வாசிப்புக் கூடம்! உரக்கப் பேசாதீர்! அமைதி காக்கவும்!”

மேசை மேல் கிடந்த அறிவிப்புத் தாளைத்தான் அக்கா எடுத்து வைத்திருந்தார். கூடமே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அக்கா எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது முதலிலிருந்து ஆரம்பித்தது. தலைமை நூலகர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

“யாரு கத்துனது?”

“மெஷின் சார்” என்றார் அக்கா. “அமைதியா இருக்கச் சொல்லுது.”

முதலில் ஆபரேட்டரம்மாதான் சிரித்தார். அப்புறம் நான். அப்புறம் கூடம் முழுக்க. கடைசியில் அக்காவே வாயைப் பொத்திக்கொண்டு, முடியாமல் மேசையில் சாய்ந்து சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. கணீரென்று ஒரு சிரிப்பு. அந்த வீட்டில் அவர் மட்டும் வேறு வார்ப்பு என்று நினைத்தது தப்பு.

சிரிப்பு அடங்கியதும் அக்கா தலைமை நூலகரின் அறைக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிற்பாடு அவரே சொல்லக் கேட்டேன்.

“சார், எங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஒழுங்கா ஒரு பயிற்சி கேட்டு வாங்குங்க.”

தலைமை நூலகர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மட்டும் தெரியுமா? ஆபீஸ் மெயில்ல ஒரு ஃபைல சேர்த்து அனுப்பணும்னா வீட்டுக்குக் கொண்டுபோய் என் சம்சாரத்துக்கிட்ட குடுக்கறேன். தலைமைன்னு போர்டு மாட்டிட்டு எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“நான் இப்பதான் சார் சொன்னேன். சொல்லிட்டா நல்லாருக்கு.”

மேலிடத்துக்கு எழுதினார்கள். ‘பயிற்சி ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தது. தலைமை நூலகருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எல்லாருடைய சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராக இயக்குநரிடமே போய் மேசையில் வைத்தார். “இதுல பேர் இருக்குற ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது மேடம். முதல் பேர் என்னோடது” என்றார். இயக்குநர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாராம். பிறகு வாரத்தில் ஒரு காலை வேளை பொதுமக்களுக்குக் கதவை அடைத்துவிட்டுப் பயிற்சி வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். அதே பயிற்சியாளரைத்தான் திரும்ப அனுப்பினார்.

அந்த மனிதரைக் கண்டதும் எல்லாருக்கும் முகம் தொங்கியது. ஆனால் அவரோ, “வாரா வாரமா? நெஜமாவா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அன்னிக்கு அரை நாள்ல அத்தனையும் முடிக்கச் சொன்னாங்க. எனக்கே மூச்சு முட்டிடுச்சு. நீங்க எல்லாரும் புரிஞ்சுதுன்னு வேற சொல்லிட்டீங்க!”

இந்தத் தடவை விளக்கை அணைக்கவில்லை. ஆனாலும் முதல் வாரம் தடுமாற்றம்தான். யாராவது திணறினால், பயிற்சியாளர் பாசத்தோடு குனிந்து மவுஸைத் தானே பிடித்து முடித்துக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் அக்கா இதைச் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“வண்டி கத்துக்குடுக்குறவன் ஸ்டீயரிங்க விட மாட்டேன்னா, பக்கத்துல இருக்கறவன் எப்படிடீ ஓட்டுவான்? நான் புது டிரைவருங்களுக்குப் பழக்கறப்போ கையக் கட்டிக்குவேன். கண்ணையும் மூடிக்குவேன், பயத்துல.”

“கண்ண மூட வேணாம், கையக் கட்டினா போதும்” என்றார் அக்கா.

அடுத்த வாரம் அதுவே சட்டமாயிற்று. தெரியாதவர்தான் மவுஸைப் பிடிக்க வேண்டும்; தெரிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் பாடுபட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். தலைமை நூலகர் முதன்முதலாகத் தானே மின்னஞ்சலில் ஒரு கோப்பை இணைத்து மனைவிக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று வீட்டிலிருந்து மனைவி போன் செய்தபோது, தேர்வில் தேறிய பையன் மாதிரி அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். காவலாளி எழுத்துகளைப் பெரிதாக்கக் கற்றுக்கொண்டு, கண்ணாடி மறந்து வந்த வாசகர்களுக்கெல்லாம் அதைச் செய்து காட்டத் தொடங்கினார். அக்கா தவறாக அழுத்துவதற்குப் பயப்படுவதை விட்டார். “தப்பா அழுத்தினா என்ன ஆகுதுன்னு பாப்போம்” என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியமாகிவிட்டது.

“சர்வர் டவுன்” போயே போய்விட்டது. அதன் இடத்தில், “தெரியல, உக்காருங்க, பாத்துச் சொல்றேன்” வந்தது. ஒருநாள் நிஜமாகவே சர்வர் வேலை செய்யாமல் போனபோது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்களே என்று முகப்பு மேசையில் எல்லாரும் முழித்தார்கள்.

ஆபரேட்டரம்மாவின் நாவலைச் சொல்லாமல் விட்டால் பாவம். காதுக் கருவியோடு மூலை மேசையில் அவருக்கென்று இடம் அமைந்தது. பக்கத்தை நேராக வைப்பது, விரலால் மூலையைத் தடவித் திருப்புவது எல்லாம் அவருக்கும் அக்காவுக்கும் சேர்ந்தே பழகியது. கூடம் நிறைந்திருந்த ஒரு பிற்பகல் அவர் கடைசி அத்தியாயத்துக்கு வந்தார். காதில் கருவி இருந்ததால் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அடப்பாவி! நெனச்சே பாக்கலியே! அந்த...”

“உஷ்!” என்று அடுக்குகளுக்கு நடுவிலிருந்து பாய்ந்து வந்தார் அக்கா. கருவியை அவர் காதிலிருந்து விலக்கி, “யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா, நான் இன்னும் பாதியிலதான் இருக்கேன்” என்றார். ஆபரேட்டரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். தங்கைக்கு அன்று மாலை அவரே அந்தக் கதையை வாயால் சொன்னாராம், குரல் ஒரு இழைகூட மாறாமல். கடைசிவரை தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாளாம்.

இப்போது உஷ் அக்காவை மற்ற கிளை நூலகங்களுக்கும் அனுப்புகிறார்கள். முதல் தடவை போனபோது நானும் துணைக்குப் போனேன். என் அக்காள் வீடு அந்தப் பக்கம்தான். அது சின்ன நூலகம். கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடும், புத்தகம் கட்டுபவர் ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டு உட்காரவே மாட்டேன் என்றார். பசை காய்ந்த தடித்த விரல்கள். “இந்தக் கைக்கு அந்தச் சின்னப் பொத்தானெல்லாம் ஆகாதும்மா.”

“எனக்கும் மொதல்ல ஆகல. நான் அழுத்தி ஊரே எழுந்து நின்னுச்சு. உக்காருங்க” என்றார் அக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

புத்தகம் கட்டுபவர் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அச்சிடச் சொல்லும் பொத்தானை அழுத்தினார். வந்ததா என்று தெரியாமல் மறுபடி அழுத்தினார், மறுபடியும். அச்சு இயந்திரம் முனகி விழித்து, அவர் பெயர் போட்ட தாள்களை ஒன்றன் பின் ஒன்றாகத் துப்பத் தொடங்கியது. தட்டு நிறைந்து தரையில் விழுந்தது. அவர் பதறிப்போய்ப் பார்த்தார்.

“விடுங்க, வரட்டும்” என்றார் அக்கா. குனிந்து ஒரு தாளை எடுத்து அவரிடமே நீட்டி, “இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றார். அவ்வளவுதான், அங்கிருந்த ஊழியர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தாளைப் பொறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். நானும் ஒன்று வாங்கினேன். புத்தகம் கட்டுபவர் வெட்கப்பட்டுக்கொண்டே, ஒருவர்விடாமல் போட்டுக் கொடுத்தார்.