காட்டில் கிடந்த நூறு டொலர்

கனடாவுக்குப் போய் நாலு வருடம் கழித்து என் தம்பி எனக்கென்று அனுப்பிய முதல் சாமான் ஒரு பிளாஸ்டிக் பரிசுக் காட். பரந்தனில் ஒரு கலியாணத்துக்கு வந்தவர்களிடம், ஒரு பெட்டி சொக்லேட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டிருந்தான். முன்பக்கம் சிவப்பு ரிபன் கட்டின படம், மூலையில் நூறு டொலர் என்று போட்டிருந்தது. அவன் வேலை செய்கிற பெரிய கடையில் நத்தாருக்கு வேலையாட்களுக்குக் கொடுத்ததாம்.

"அக்கா, விரும்பினதை வாங்கு. என்ன வாங்கினனீ எண்டு எனக்குக் காட்டோணும்" என்று போனில் சொன்னான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. கிடைக்கிற சம்பளம் அறை வாடகைக்கும் வழக்கறிஞருக்குமே போய்விடும். வெளிநாடு போன மற்றத் தம்பிமார் அக்காமாருக்கு அதை அனுப்பினார்கள், இதை அனுப்பினார்கள் என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு மனதுக்குள் பெரிய குறை.

என் மனுசனுக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை. காட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளிப் பட்டை. "இஞ்ச பாரும், இது போனுக்குக் காசு போடுற ரீலோட் காட். சுரண்டிப்போட்டு நம்பரை அடிச்சாச் சரி" என்றார். நான் வாய் திறக்க முதல் பத்து ரூபாய்க் குத்திக்காசை எடுத்து, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிற மாதிரிச் சுரண்டிவிட்டார். நம்பரை அடித்தால் ஒரு பெண் மூன்று மொழியிலும் பிழை, பிழை என்றாள். மூன்றாம் தரம் அடித்ததோடு காட்டைப் பறித்தேன்.

"நூறு டொலருக்கு ரீலோட் போட்டு ஆரோட கதைக்கப் போறீங்கள்?" என்று கேட்டேன். ஆள் மாட்டுக்குத் தண்ணி வைக்க எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் நானே கிளிநொச்சி டவுனுக்குப் போய், பெரிய சுப்பர்மாக்கெட்டில் ட்ரொலி தள்ளினேன். சும்மா சொல்லக்கூடாது, ராணி மாதிரித்தான் தள்ளினேன். பால்மா, ஷாம்பு, பெரிய துவாய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரைஸ் குக்கர். காசு வாங்கும் பிள்ளை காட்டை மெசினில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு மனேஜரைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது கனடாக் கடையின்ர காட். அந்தக் கடைக்குள்ள மட்டும்தான் செல்லும்."

"டொலர் எண்டு போட்டிருக்கெல்லோ தம்பி? இண்டைக்கு ரேட் என்னவோ அதைப் போடுங்கோ. ஒண்டு ரெண்டு குறைஞ்சாலும் நான் பிரச்சினை எடுக்க மாட்டன்."

"காசெண்டா மாத்தலாம் அக்கா. இது காசில்லையே."

பின்னால் நின்ற சனம் முழுக்க என்னைப் பார்த்தது. ட்ரொலியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். உருத்திரபுரம் பஸ் வரும்வரை அந்தக் கடையையும் கனடாவையும் என் மனுசனையும் மாறி மாறித் திட்டினேன்.

பின்னேரம் தம்பி வீடியோவில் எடுத்தான். உள்ளதைச் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அவன் முகத்தைப் போனுக்குள் நுழைக்கிற மாதிரிக் கிட்டக் கொண்டுவந்து, "என்னக்கா வாங்கினனீ?" என்று கேட்டான். என் வாய் தன்பாட்டில் "ரைஸ் குக்கர்" என்றது.

"காட்டு பாப்பம்!"

"கரண்ட் இல்லையடா. நாளைக்குக் காட்டுறன்."

என் தலைக்கு மேலே பல்ப் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. நல்லகாலம், அவன் கவனிக்கவில்லை.

விடிந்ததும் உழவு மெசினுக்கு டயர் வாங்க வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். "அப்ப டயர்?" என்று இவர் கேட்டார். "அடுத்த போகம் பாப்பம்" என்றேன். காட்டைச் சுரண்டின ஆள் எல்லோ, பழைய டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

குக்கரைக் காட்டினபோது தம்பி அறைக்குள் இருந்த பெடியளை எல்லாம் கூப்பிட்டான். "என்ர அக்காக்கு நான் வாங்கிக் குடுத்தது!" நாலு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. காட்டை அலுமாரிக்குள், சீலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மாசி மாதம் ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் நின்று எடுத்தான். சுற்றிவர ஒரே பனி. சப்பாத்தின் அடி பிளந்துவிட்டதாம், காலுறைக்கு மேலே பாண் சுற்றி வருகிற பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறானாம். அதைச் சொல்லிச் சிரிக்கிறான், விசரன். அவனுடைய கடையிலேயே சப்பாத்து விற்கிறது, நூறு டொலர் என் அலுமாரிக்குள் கிடக்கிறது. சொன்னால் அவனுக்குச் சப்பாத்து வரும், ஆனால் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த குக்கர் போய்விடும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் அந்தக் குக்கரில் வைத்த சோறு.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் உனக்கு ஒண்டுமே வாங்கித் தரேல்ல, என்ன?" என்றான்.

எனக்கு அழுகை வருகிற இடத்தில் முதலில் கோபம்தான் வரும். "டேய் மொக்கா, அது என்ர காட்தானே? விரும்பினதை வாங்கு எண்டு நீதானே சொன்னனீ? எனக்கு இப்ப ஒரு சோடி சப்பாத்து வேணும். உன்ர அளவில. நாளைக்குக் கடை திறந்த உடன எனக்குப் போன் எடு!"

எடுத்தான். அங்கே கடை திறக்கிற நேரம் இங்கே விளக்கு வைக்கிற நேரம். இவரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். தட்டுத் தட்டாகச் சப்பாத்தைக் காட்டினான்.

"அந்த மண்ணிறத்தை எடு. தண்ணி உள்ளுக்குப் போகாதெல்லோ? விலை என்ன?"

"எண்பத்தைஞ்சு."

நான் வாய்விட்டு ரூபாயில் பெருக்கினேன். "ஐயோ!"

"பெருக்காதை அக்கா. பெருக்கினா இஞ்ச தண்ணியும் குடிக்கேலாது."

"கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

"இஞ்ச குறைக்கிறேல்ல அக்கா, மானத்தை வாங்காதை!"

காட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். ஆனால் வெள்ளிப் பட்டையோடு சேர்த்து ஒரு இலக்கத்தையும் இவர் சுரண்டி எடுத்திருந்தார். மூன்றா, எட்டா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மூன்று என்றேன். கடைப் பிள்ளை நம்பரை அடித்துப் பார்த்து, இல்லையென்று தலையை ஆட்டினாள். இவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். எட்டு என்றேன். மெசின் கீச்சென்று பில்லைத் துப்பியது.

வாசலில் குந்தியிருந்து போட்டான். வெளியே இறங்கி, போனைக் கீழே பிடித்துக்கொண்டு பனிக்குள் நாலு அடி வைத்தான்.

"எப்பிடியடா?"

"சூடாக் கிடக்கு அக்கா."

அதற்குப் பிறகு அவன் போனை மேலே தூக்கவில்லை. கனநேரமாகக் காலை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தான். முகத்தைக் காட்டு என்று நானும் கேட்கவில்லை.