கறிக்கடையில் பத்தாயிரம் வருஷ மழை

"மார்ட்டின் அண்ணே, நம்ம ராணி அக்கா தில்லை நகர் கறிக்கடை ஃப்ரீசர்ல எதையோ துணி சுத்தி ஒளிச்சு வச்சிருக்காங்களாம். ஆள் நீளம் இருக்காம்!"

கைலாசபுரத்திலிருந்து சித்தி மகள் லிசி சொன்னாள். அவளுக்குச் சொன்னது கோயில் பாடகர் குழுவில் யாரோ. டொராண்டோவில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"பொணம் இல்லடா. சேறு" என்று சிரித்தாள்.

அக்கா லூர்துராணி திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. அனுமதிக்கு நடையாய் நடந்து, ஊட்டிப் பக்கம் ஒரு சதுப்பில் ஆள் நீளக் குழாயை இறக்கி, குழாயோடு எடுத்த மண் அது. பீட் என்பார்கள். குளிர்ந்த தண்ணீருக்கடியில் செத்த புல் முழுசாக மக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகிறது. எப்போது மழை கொட்டியது, எப்போது வறண்டது, எல்லாம் அந்தந்தக் காலத்துச் செடிகளின் மகரந்தத்தோடு அடுக்கடுக்காக அதில் கிடக்கிறது. குளிர்ச்சி போனால் பூஞ்சை பிடித்துப் பாழ். மறுபடி எடுக்கவும் வழியில்லை. அந்தச் சதுப்பை மூடி கார் நிறுத்துகிறார்கள்.

கல்லூரிக்கோ, குளிர் அறையை இடித்து ஸ்மார்ட் கிளாஸ் கட்ட வேண்டும். "அந்தச் சேத்தைக் கொட்டிடுங்க மேடம்" என்றாராம் முதல்வர்.

"பத்தாயிரம் வருஷ மழை சார் இது. கொட்டறதுன்னா உங்க கையாலயே கொட்டுங்க, ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

அவர் கை நீளவில்லை. இவள் குழாயை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

இடம் கொடுத்தவர் கறிக்கடை அனீஸ் பாய். "தவக்காலத்துல உங்க ஆளுங்க யாரு டீச்சர் கறி வாங்கறாங்க? ஒரு பெட்டி சும்மாதான் கிடக்கு. ஈஸ்டருக்கு முந்தின நாள் காலி பண்ணிடணும், ஆமா."

அந்த நாள் இன்று. அவளுக்குக் காலையில், எனக்கு நள்ளிரவில், பேசியபோது கெஞ்சினேன்: "முதல்வர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடேன்க்கா."

"எதுக்குடா? சேறு வச்சிருந்ததுக்கா? குளிர் அறையை இன்னும் இடிக்கல. அங்கயே திரும்பக் கொண்டு போறேன். பூட்டியிருந்தா குழாயோட வாசல்ல உட்காருவேன். வரவன் போறவனெல்லாம் பார்க்கட்டும்."

"இந்த வெயில்லயா?"

"பாய் ரெண்டு மூட்டை ஐஸ் குடுத்திருக்காரு. வண்டியும் அவருதுதான். நீ ஃபோனை வை, நேரமாகுது."

வைத்துவிட்டேன். அங்கே இப்போது உச்சி வெயில். அந்த ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்காமல் விட்டது இப்போதுதான் உறைக்கிறது. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது.