திரும்பி ஊற்றும் குழாய்

தீவின் நடுவிலுள்ள ஹயூயா மலையிலிருந்து கடலோரப் பொன்ஸே நகரத்துக்கு வேன் ஓட்டும் எலாடியோவுக்கு ஊரில் 'இருமல்' என்று பெயர். சீக்கு ஒன்றும் கிடையாது. எவனாவது தன் கார் சரியில்லை என்று வந்தால், "எப்படி இருமுது? இருமிக் காட்டு" என்பார். வந்தவன் வெட்கப்பட்டால் இவரே நாலு விதமாக இருமிக் காட்டி, "இதுவா, அதுவா?" என்று கேட்பார். இதுதான் என்று அவன் சொன்னதும் திருப்புளியோடு கார்புரேட்டருக்குள் தலையை விட்டுவிடுவார். வேனில் ஏறி உட்கார்ந்த ஜனங்கள் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருந்தார்கள், திட்டிக்கொண்டே.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு தகரக் கொட்டகை. அதில் அவருடைய பழைய கொரோலா. நாலு சிலிண்டர், உள்ளே ஒரே இருக்கை. கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் ஓடி முடிப்பதைத் தவிர உலகத்தில் அதற்கு வேறு வேலை இல்லை. முதலில் அவரே ஓட்டினார். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு மகள் ஈவலிஸ் ஓட்டினாள். பகலில் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற பெண், ஞாயிற்றுக்கிழமை தலைக்கவசத்தை மாட்டினால் வேறு ஆள். பாதம் பெடலை எட்டாத வயதிலேயே அந்த இருக்கையில் உட்கார்ந்தவள். இவர் பானெட்டுக்குள் குனிந்திருப்பார், அவள் ஒரு கட்டையால் பெடலை அழுத்துவாள். போதும் என்றால் காரின் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டுக்கு இன்ஜின் அணைந்தே ஆக வேண்டும். அணையவில்லை என்றால் அன்றைக்குக் கொட்டகையில் அவர் திட்டுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

இந்த வீட்டில்தான் அந்த வருஷம் சண்டை மூண்டது. கடற்கரை ஊரான குவாயாமாவின் ரூபேனிடம் ஈவலிஸ் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் மூக்கு நுனி அளவு வித்தியாசம். ரூபேனின் காரில் கார்புரேட்டர் இல்லை, எரிபொருளை ஊசி மாதிரி பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்ஷன். பெட்ரோல் இல்லை, மெத்தனால்.

"நம்மளும் மாத்திடலாம்ப்பா" என்றாள் ஈவலிஸ்.

"ஊசி யாருக்குப் போடுவாங்க? சீக்காளிக்கு. என் இன்ஜினுக்கு என்ன சீக்கு?"

"உங்க கார்புரேட்டர் மூணாவது கியர்ல மூச்சு வாங்குது. உள்ள உக்காந்து ஓட்டுறது நான். எனக்குத் தெரியாதா?"

"மூச்சு வாங்கினா நான் சரி பண்றேன். அது என்கிட்ட பேசும். உன் ஊசி பேசுமா?"

ஈவலிஸின் தாய்மாமன் மோன்ச்சோ நடுவில் புகுந்தார். அவருக்கு இருக்கிற ஒரே குணம் நடுவில் புகுவது. "மச்சான், உலகம் எங்கயோ போயிடுச்சு. நீங்க இன்னும் இருமிக்கிட்டே இருக்கீங்க."

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் மாமனும் மருமகளும் தலைநகரம் சான் ஹுவானில் ஒருவன் கழற்றிப் போட்டிருந்த இன்ஜெக்ஷனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். விற்றவனும் கூடவே வந்து மாட்டிக்கொடுத்தான். ஊர்ப் பக்கத்துக் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். புகை எல்லார் கண்ணிலும் கண்ணீர் வரவழைத்தது. ஓட்டம் முடிந்ததும் தொட்டியில் முக்கால் கேன் மெத்தனால் ஊற்ற வேண்டியிருந்தது. "குடிகாரக் கழுதை" என்று எலாடியோ முணுமுணுத்தார். விற்றவன் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். உள்ளே வரிசையாக, எரிபொருள் அளவை முடிவுசெய்யும் பித்தளை ஜெட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒவ்வொரு அளவு துளை. "ஐயா, இது எப்படின்னா..." என்று ஆரம்பித்தான்.

"ஜெட்டைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஜெட் மாத்தினவன். பெட்டிய வெச்சுட்டுக் காபி குடிச்சுட்டுப் போ."

அவனும் காபி குடித்துவிட்டுப் போனான். வீம்புக்காரனிடம் யார் மல்லுக்கட்டுவது?

எலாடியோ ஒரு நிபந்தனை போட்டார். எரிபொருள் அளவு அவர் பொறுப்பு, வேறு கை படக்கூடாது. இன்னொன்றும் சொன்னார்: "இந்த வண்டிக்கு முன்னாடி நான் நிக்க மாட்டேன். வாங்கினவன் நிக்கட்டும்." பந்தயத்தில் காருக்கு முன்னால் நின்று கைகாட்டித் தொடக்கக் கோட்டுக்கு நடத்திக்கொண்டு போவது இத்தனை நாளும் அவர் வேலை. ஈவலிஸின் முகம் சுண்டிப்போனது. பந்தய நாள் காலையில் அவள் அவரிடம் ஆசீர்வாதமும் கேட்கவில்லை. அந்தத் தீவில் பெற்ற பிள்ளை வாசல் தாண்டும்போது "ஆசீர்வாதம்ப்பா" என்று கேட்காமல் போகாது. எவ்வளவு சண்டையானாலும் கேட்கும். அவள் கேட்கவில்லை, இவரும் காது கேட்காதவர் மாதிரி, காரை ட்ரெய்லரில் கட்டிய கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். கடற்கரைப் பந்தயத் திடலுக்கு இறங்கியதும் கயிறுகூட அவிழ்க்க மாட்டார்கள், முதல் வேலையாக ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவார்கள். மேலே காற்று லேசு, கீழே காற்று கனம். கனத்த காற்றுக்கு எரிபொருள் கூட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் காய்ந்து பிஸ்டன் உருகிவிடும். எலாடியோவும் இறங்கினார், பெட்டியைத் திறந்தார், ஒரு படி பெரியதைப் போட்டார். கை தானாகச் செய்தது.

முதல் ஓட்டத்தில் கொரோலா பறந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கார் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. மோன்ச்சோ தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "பாத்தீங்களா மச்சான்? புகைகூட இப்ப கண்ணைக் கரிக்கல!"

எலாடியோ ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பிளக் வெளுத்தால் இன்ஜினுக்குப் பசி என்று அர்த்தம். இன்னொரு படி பெரிய ஜெட். இரண்டாம் ஓட்டம் அதைவிட வேகம். பிளக் அதைவிட வெள்ளை. "இன்னும் பசிக்குதா உனக்கு? அகோரப் பசி" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் இருந்ததிலேயே பெரிய ஜெட்டை எடுத்து மாட்டினார். இறுதிப் பந்தயம், ரூபேனோடு. கூப்பிட்டுவிட்டார்கள். தொட்டியைக் குறிவரை அவசரமாக நிரப்பினார், கார் நகர்ந்துவிட்டது. மோன்ச்சோ முன்னால் கைகாட்டிக்கொண்டே ஓடினார்.

ரூபேனின் ஆட்கள் வேலியோரம் நின்று கத்தினார்கள். "ஏய் மலங்காட்டான்! வாழக்கொலை ஏத்துற வண்டிக்கு ஊசி போட்டா குதிரை ஆயிடுமா?"

அந்த வசவு எலாடியோவின் காதில் ஏறவில்லை. மனசுக்குள் ஏதோ நெருடிக்கொண்டிருந்தது. கேனை மூடி ஓரமாக வைக்கலாம் என்று தூக்கினார்.

கனத்தது.

காலையில் நிரப்பிக்கொண்டு வந்த கேன். இரண்டு ஓட்டம் முடிந்து, இரண்டு தடவை தொட்டிக்கு ஊற்றியும் ஆகிவிட்டது. மலை ரோட்டில் ஒரே ஓட்டத்துக்கு முக்கால் கேனைக் குடித்த கழுதை இது. இந்நேரம் கேன் காலியாகி, இன்னொன்றைத் திறந்திருக்க வேண்டும். இவர் ஜெட்டைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அது குறைவாகக் குடித்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பெரிய துளை வழியாகப் போனதெல்லாம் எங்கே?

அவர் கண் முன்னால் அந்தக் கறுப்புக் குழாய் வந்தது. பம்ப்பிலிருந்து கிளம்பி, அந்த ஜெட்டைத் தாண்டி, இன்ஜினுக்குப் போகாமல் வளைந்து மறுபடி தொட்டிக்கே வரும் குழாய். ஜெட் மாற்றும்போதெல்லாம் அவரே இறுக்கிய குழாய். கார்புரேட்டரில் ஜெட் என்பது இன்ஜின் குடிக்கிற வாய். இதில் அது மிச்சத்தைத் திரும்பத் தொட்டியில் ஊற்றுகிற வாய். துளை பெரிதானால் திரும்புவது கூடும், இன்ஜினுக்குப் போவது குறையும். அவர் மகளின் இன்ஜினைப் படிப்படியாகப் பட்டினி போட்டிருக்கிறார். பட்டினியில் இன்ஜின் பறக்கும், உண்மைதான். உருகும் வரைக்கும் பறக்கும்.

"அட பாவி!" என்றார், தன்னைத்தான்.

போன வருஷம் இதே திடலில் ஒரு பையனின் இன்ஜின் வெடித்து மெத்தனால் பற்றியது. மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காரிலிருந்து குதித்த அவன் கையை வீசித் துள்ளினான். ஜெயித்த சந்தோஷத்தில் ஆடுகிறான் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். எலாடியோவும் தட்டினார்.

கேனைப் போட்டுவிட்டு ஓடினார். பிடித்த முதுகோடு அந்த மனிதர் ஓடியதை ஓட்டம் என்று சொல்வதே தப்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போனார். எதிரே ரப்பர் புகை எழும்பியது. ஈவலிஸ் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றுகிறாள். "நிறுத்து! நேனா, நிறுத்து!" என்று அவளுடைய வீட்டுப் பெயரைச் சொல்லிக் கத்தினார். இரண்டு இன்ஜின்கள் உறுமும்போது கடவுளே கூப்பிட்டாலும் கேட்காது. கயிறு கட்டிய இடத்தில் காவலாளி மறித்தான்.

"பெரியவரே, எங்க போறீங்க? கோட்டுக்கு வந்த வண்டியைத் தொட்டா பந்தயம் போச்சு, தெரியும்ல?"

"பந்தயம் நாசமாப் போகட்டும். உள்ள இருக்கறது என் பொண்ணுடா!"

கயிற்றுக்கு அடியில் குனிந்தார். முதுகில் ஏதோ நறுக்கென்றது. ரூபேன் ஏற்கெனவே கோட்டில் நின்றுவிட்டான், விளக்குக் கம்பத்தில் அவனுடைய இரண்டு விளக்கும் எரிந்தன. ஈவலிஸின் முதல் விளக்கு எரிந்தது. ஒரு சாண் நகர்ந்தால் அடுத்ததும் எரியும், அப்புறம் பச்சைதான். மோன்ச்சோ கைகாட்டி முடித்து விலகிக்கொண்டிருந்தார்.

எலாடியோ காருக்கு முன்னால் போய் விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கொதிக்கிற பானெட்டில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார்.

இன்ஜின் அணைந்தது.

ஈவலிஸை நீக்கிவிட்டு ரூபேனுக்கு மட்டும் பச்சை போட்டார்கள். அவன் தனியாக ஓடி, தனியாக ஜெயித்தான். மலையிலிருந்து வந்திருந்த ஜனம் வேலியை மொய்த்தது. பிறகு வசவு ஆரம்பித்தது. எலாடியோவின் அப்பா, தாத்தா, கார்புரேட்டர், ஒன்றும் மிஞ்சவில்லை.

காரைத் தள்ளிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார்கள். ஈவலிஸ் தலைக்கவசத்தைக் கழற்றி மண்ணில் எறிந்தாள். மோன்ச்சோவுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. "வேணும்னே செஞ்சீங்க மச்சான்! இன்ஜெக்ஷன் ஜெயிச்சுட்டா உங்க மானம் போயிடும்னு செஞ்சீங்க. பொறாமை! பெத்த பொண்ணு மேலயே பொறாமை!"

ரூபேனும் நாலு பேரோடு வந்து சேர்ந்தான். "என்ன இருமல், ஊசி ஒத்துக்கலையா? நான் அப்பவே நெனச்சேன், மலைக்காரன் உடம்புக்குக் கஷாயம்தான் சரி."

எலாடியோ பிளக்கைக் கழற்றினார். கை சுட்டது, உணரவில்லை. வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. உருகித் தெறித்த பிஸ்டன். கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒருவன் "ஆமா, இன்ஜெக்ஷன்தான் தின்னுடுச்சு, பெரியவர் சொன்னது சரிதான்" என்றான். நாலு பேர் தலையாட்டினார்கள். மோன்ச்சோகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

எலாடியோவின் மனசுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. பேசாமல் இருந்தால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம். அந்த இன்ஜெக்ஷன் சனியன் கழன்று போகும், பழைய இரட்டைக் கார்புரேட்டர் தன் இடத்துக்குத் திரும்பும், ஊர் முழுக்க இருமல் சொன்னதுதான் வேதம் என்று ஆகும். மகளைப் பார்த்தார். அவள் பிளக்கைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜெக்ஷன் மேல தப்பே இல்ல" என்றார். "நான்தான் தலைகீழாப் போட்டேன். பெருசு போட்டா நெறைய குடிக்கும்னு நெனச்சேன். பெருசு போட்டா திரும்பிப் போயிடுது. காலைலேர்ந்து மூணு தடவை போட்டேன். வித்த பையன் சொல்ல வந்தான், நான்தான் காபி குடிச்சுட்டுப் போன்னேன்."

ரூபேன் சிரிக்க வாயைத் திறந்தான். ஈவலிஸ் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் சிரிக்காமலே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் இன்ஜினைப் பிரித்தார்கள். மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. ஈவலிஸ் அதில் விரலை வைத்துத் தடவினாள்.

"இன்னொரு ஓட்டம் தாங்கியிருக்குமா?"

எலாடியோ இல்லை என்று தலையை ஆட்டினார். மூலையில் துணி போட்டு மூடியிருந்த கார்புரேட்டர்களைக் காட்டி, "பழசையே மாட்டிடலாமா?" என்று கேட்டார். இப்போது அது அதிகாரம் இல்லை, பயம். அவளுக்குத் தெரிந்தது.

"வேண்டாம். இன்ஜெக்ஷன்தான் எனக்கு. ஜெட் பெட்டி இனிமே என்கிட்ட இருக்கும். அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டு, நானே போடுறேன்."

"போடு."

"நான் நேத்து நிறுத்தணும்னு நிறுத்தலப்பா. உங்களைப் பாத்ததும் ஏத்திட்டுப் போயிடலாம்போல ஆத்திரம். ரெண்டு தட்டு தட்டினீங்க, கை தானா அணைச்சிடுச்சு."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஒருவருடைய பழக்கம் கொல்லப் பார்த்தது, இன்னொருத்தியுடைய பழக்கம் காப்பாற்றியது. எலாடியோ கையைத் துடைக்கிற சாக்கில் பழந்துணியால் முகத்தைத் துடைத்தார். முகம் முழுக்கக் கரி.

அவள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மோன்ச்சோ மாமா வேண்டாம். நீங்க முன்னாடி நிக்கணும்."

"நிக்கிறேன்."

"ஆசீர்வாதம்ப்பா."

பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு இருமல்தான் வந்தது, நிஜமான இருமல். அவர் இருமி முடித்து, "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், நேனா" என்று சொல்லும்வரை அவள் வாசலைத் தாண்டவில்லை.