சீரகூசாவிலிருந்து வந்த கை

இத்தாலியின் பலெர்மோ நகர ரயில் நிலையத்துக்கு வெளியே, நான் தங்கியிருக்கும் சீசா பகுதிக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஜெர்மனியில் வேலை, லீவு கிடைத்தால் வேதத்தில் வரும் ஊர்களைத் தேடிப் போவேன். இன்று போய் வந்தது சீரகூசா, பவுல் மூன்று நாள் தங்கிய பட்டணம்.

நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு ஓர் அக்கா பக்கத்தில் வருகிறார். மன்னார்க்காரர். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைத்துக் கழுவிவிட்டுத் திரும்புகிறார். கையில் பிளீச்சிங் வாசனை.

"எங்கையிருந்து வாறியள், தம்பி?"

சொல்கிறேன்.

"பவுல் நிண்ட இடத்திலை இருந்தோ!" என் வலது கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். "நாளைக்கு விசா விசயமாய் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போறன். இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ தராட்டி ஊருக்குத்தான் போக வேணும். ஒருக்கா செபிச்சு விடுங்கோ."

சீரகூசாவில் தூண்களோடு செல்ஃபி எடுத்தேன், வெயிலைத் திட்டினேன், ஐஸ்கிரீம் தின்றேன். ஜெபம் நினைவுக்கே வரவில்லை. அதை இவரிடம் சொல்ல நா எழவில்லை. கண்ணை மூடுகிறேன். இப்போதும் ஜெபம் வரவில்லை. பஸ் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

"ஆமென்" என்கிறார், கண்ணைத் துடைத்தபடி.

என் வேண்டுதல் கேட்கப்படுகிறது. பஸ் வந்துவிடுகிறது. அக்கா முந்தி ஏறி, காலியாக இருந்த ஒரே சீட்டைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்.

"இதிலை இருங்கோ தம்பி. யாத்திரை போன கால், நோகும்."

உட்கார்கிறேன். நாள் முழுக்கத் தரை துடைத்தவர், கம்பியைப் பிடித்தபடி சீசா வரை நின்றுகொண்டே வருகிறார்.